கிழிந்த உறையும் 720 வெள்ளியும்

மூன்று ஆண்டுகளுக்கு முன், சீனப் புத்தாண்டுக்கு நான்கு நாள் இருக்கையில், கார் கழுவிக்கொண்டிருந்தபோது முன் வலது சக்கரத்தின் உட்பக்கத்தில் கருப்பாக ஏதோ தெறித்திருந்ததைக் கண்டேன். சேறு என்று நினைத்துத் தண்ணீரைப் பாய்ச்சினேன், போகவில்லை. தொட்டுப் பார்த்தால் பிசுபிசுத்தது. ரிம்மின் உள்வட்டத்திலும் அப்சோர்பரின் அடிப்பகுதியிலும் பிரேக் குழாயிலும் ஒரே கோட்டில், யாரோ மைதோய்ந்த சாட்டையால் விளாறியது போல், அது படிந்திருந்தது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து வைத்துக் கைவிளக்கை அடித்தேன். துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறை, சக்கரத்தை ஒட்டிய மடிப்பு ஒன்றில் ஒரு விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது.

சிவி பூட் கிழிந்துவிட்டது என்று வீட்டில் சொன்னதும், சாமான் வைக்கும் பின்பெட்டி எப்படியப்பா கிழியும் என்று அம்மா கேட்டார். கேள்வி நியாயமானதுதான், எங்கள் ஊரில் பூட் என்றாலே பின்பெட்டி. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இதை டிரைவ் ஷாஃப்ட் கவர் என்பார்கள். இந்தக் கட்டுரையில் உறை என்றே எழுதுகிறேன்.

அந்த உறை எதற்காக இருக்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. முன்சக்கர இயக்கக் காரில் கியர்பெட்டியிலிருந்து வரும் சுழற்சியை இரண்டு டிரைவ் ஷாஃப்டுகள் முன்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்கின்றன. சக்கரமோ பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறுவதோடு, ஸ்டீயரிங்குக்கு ஏற்ப இடமும் வலமும் திரும்புகிறது. அப்படித் திரும்பிய நிலையிலும் சுழற்சியின் வேகம் ஏறி இறங்காமல் ஒரே சீராகப் போய்ச் சேர வேண்டும். இந்தச் சிக்கலுக்கு ஃபோர்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆல்ஃபிரட் ரிசெப்பா 1920களில் கண்ட விடைதான், ஆறு எஃகுக் குண்டுகள் ஆறு பள்ளங்களில் உருளும் சிவி ஜாயிண்ட் (சிவி என்றால் constant velocity, மாறா வேகம்). ஏறக்குறைய 45 பாகை வரை வளைந்தபடியே சுழலக்கூடிய அந்த மூட்டுதான் இன்றும் பெரும்பாலான கார்களின் சக்கரப் பக்கத்தில் இருக்கிறது. அப்பா காலத்து டட்சன் 120வை போன்ற பின்சக்கர இயக்கக் கார்களின் முன்பக்கத்தில் இதற்கு வேலையே இல்லை. 1985இல் புரோட்டோன் சாகா வந்து, முன்சக்கர இயக்கம் நம் மலேசியாவில் வீட்டுக்கு வீடு பரவிய பிறகுதான் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் இந்த உறைக்கு மவுசு வந்திருக்க வேண்டும்.

குண்டுகளும் பள்ளங்களும் மோலிப்டினம் டைசல்பைடு கலந்த கருப்புக் கிரீஸில் மூழ்கியிருக்கின்றன. அந்தக் கிரீஸை உள்ளே வைத்திருப்பதும், மண்ணையும் தண்ணீரையும் வெளியே வைத்திருப்பதும் உறையின் வேலை. உறை கிழிந்தால் முதலில் கிரீஸ் வெளியே தெறிக்கும். அதனால் கார் ஓடுவதில் எந்த வேறுபாடும் தெரியாது. அதன் பிறகு மண் உள்ளே போகும். அதுவும் உடனே தெரியாது. வளைவுகளில் டக் டக் என்று சத்தம் கேட்கத் தொடங்கும்போது ஜாயிண்டின் கதை முடிந்திருக்கும்.

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், குடியிருக்கிறேன். லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை. தார்ச்சாலை முடிந்த பிறகு அலுவலகம் வரை மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை. குலை ஏற்றும் லாரிகள் உழுதுபோட்ட அந்தப் பாதையில் வெயிலடித்தால் புழுதி பறக்கும், மழை பெய்தால் குழம்பாகும், எந்தக் காலத்திலும் சல்லி தெறிக்கும். ஆகவே கிழிந்த உறையோடு ஒரு வாரம் ஓட்டுவது பட்டணத்துக்காரருக்கு ஒரு கணக்கு, எனக்கு வேறு கணக்கு.

அன்று சனிக்கிழமை. சர்வீஸ் சென்டர் அரை நாள் திறந்திருக்கும் என்பதால் உடனே ஈப்போவுக்குப் புறப்பட்டேன். 30 கிலோமீட்டர் அளவில் வரும், முழுவதும் தார்ச்சாலை. அங்கே முகப்பில் இருந்தவர் புந்தோங்கைச் சேர்ந்த தமிழ் இளைஞர். காரைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து, பதற்றப்படுத்தாமல், மரியாதையாகப் பேசினார். உறை மட்டும் மாற்றுவதில்லை, டிரைவ் ஷாஃப்டை முழுமையாக மாற்றுவோம், ஒரு பக்கத்துக்குக் கூலியோடு 720 வெள்ளி (ரிங்கிட்) என்றார். ஜாயிண்டில் சத்தமே வரவில்லையே என்றேன்.

"அண்ணே, இன்னைக்கு வரல. உள்ள எவ்ளோ மண் போயிருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கவர் மட்டும் போட்டுக் குடுத்து ரெண்டு மாசத்துல சத்தம் வந்தா, நீங்க என்னைத்தானே கேப்பீங்க?"

அவரை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. இதைப் பற்றிப் பேசும் பலர் சர்வீஸ் சென்டர்காரர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உறையை மாற்றுவதற்கு ஷாஃப்டைக் கழற்றி, ஜாயிண்டைத் தட்டி எடுத்து, கழுவி, சோதித்து, கிரீஸ் அடைத்து, மறுபடி பூட்ட வேண்டும். முழு ஷாஃப்டை மாற்றுவதென்றால் பழையதை உருவிப் புதியதைச் செருகினால் தீர்ந்தது. மலிவான பொருளுக்கு வேலை அதிகம், விலை கூடிய பொருளுக்கு வேலை குறைவு. மணிக்கணக்கில் கூலி எண்ணும் இடத்தில், செய்த வேலைக்கு உத்தரவாதமும் தர வேண்டிய இடத்தில், அவர்கள் எதைத் தேர்வார்கள் என்பது தெரிந்ததே. அந்த 720 வெள்ளியில் ஒரு பங்கு, ஜாயிண்ட் நல்லதா கெட்டதா என்று யாரும் தலையைக் கொடுத்து முடிவு சொல்லாமல் இருப்பதற்கான விலை. அந்த முடிவை நானே சொல்லிக்கொள்ளத் துணிந்தால், 600 வெள்ளிக்கு மேல் என் பையில் நிற்கும்.

வழக்கமாக நான் போகும் இடம் சர்வீஸ் சென்டர் அல்ல. எங்கள் ஊர்ச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சீனப் போமனின் (மெக்கானிக்கின்) பட்டறைதான். இருபது ஆண்டுகளாக என் கார்களைத் தொடுபவர். திரும்பும் வழியில் அங்கே நிறுத்தினேன். குந்தியபடியே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, கவர் 38 வெள்ளி, கூலி 80 வெள்ளி, ஆனால் புத்தாண்டு முடிந்து கடை திறக்கப் பத்து நாள் ஆகும் என்றார். இரண்டு கார்கள் பாதி பிரித்த நிலையில் நின்றன. உதவிக்கு இருந்த தம்பி போய்விட்டான், தனி ஆளாக இருக்கிறேன் என்று கையை விரித்தார். பத்து நாள் செம்மண்ணில் ஓட்டினால் அவர் போடும் 38 வெள்ளி உறை மணலை உள்ளே வைத்துக் கட்டிய மூட்டையாகத்தான் இருக்கும். அவரும் அதை அறிந்தவர்தான். ஸ்பேர் பார்ட்ஸ் கடை மூடுவதற்குள் ஓடி உறையை வாங்கிக்கொள், சத்தம் இல்லாதவரை நீயே செய்யலாம், பயப்படாதே என்று மலாயில் சொல்லி, நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஒரு டார்க் ரெஞ்சையும் கொடுத்தனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தொடங்கினேன். அப்பாவுக்கு வயது 78. ரப்பர் மரத்துப் பால்வெட்டிலேயே கழிந்த ஆயுள். முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கேட்ட ஸ்பேனரை எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். எங்கள் வீட்டு முன்புறம் பாதிதான் சிமெண்ட், மீதி மண். ஜாக் மண்ணில் புதையும் என்பதால் அடியில் பலகை வைத்தேன். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கை நீட்டுவதில்லை என்பதில் நான் பிடிவாதக்காரன். 90 வெள்ளிக்கு ஒரு சோடி ஜாக் ஸ்டாண்ட் வாங்கியிருந்தேன்.

முதல் தடை ஆக்சில் நட்டு. சக்கரத்தின் நட்டநடுவில் இருக்கும் அந்தப் பெரிய நட்டு, தானாகக் கழலாதபடி அதன் விளிம்பு ஷாஃப்டின் பள்ளத்தில் தட்டி மடக்கப்பட்டிருக்கும். அந்த மடிப்பைச் சிறு உளியால் நிமிர்த்திய பிறகுதான் சாக்கெட்டை மாட்ட வேண்டும். காரைத் தூக்குமுன், சக்கரம் தரையில் இருக்கும்போதே, இதைத் தளர்த்திவிட வேண்டும். மனைவி பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, 32 எம்எம் சாக்கெட்டின் கைப்பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நின்றேன். மூன்றாவது முறை குதித்தபோது துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தேன், நட்டுதான் அசைந்திருந்தது.

அதன்பின் சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோவர் ஆர்மின் பால் ஜாயிண்டைப் பிரித்து, பிரேக்கோடு சேர்ந்து சக்கரத்தைத் தாங்கும் கனத்த இரும்புப் பாகத்தை (நக்கிள்) வெளிப்பக்கம் இழுத்தால் ஷாஃப்டின் முனை நழுவி வெளியே வரும். இங்கே ஓர் எச்சரிக்கை. இழுக்கும் வேகத்தில் ஷாஃப்டையும் வெளியே இழுத்துவிடக் கூடாது. கியர்பெட்டிப் பக்கத்தில் மூன்று உருளைகள் கொண்ட உள் ஜாயிண்ட் இருக்கிறது, அது தன் கிண்ணத்தை விட்டுக் கழன்றால் வேலை இரட்டிப்பாகும். ஒரு கயிற்றால் ஷாஃப்டைத் தூக்கிக் கட்டினேன். அப்சோர்பரின் போல்டுகளையும் நான் தொடவில்லை. அவற்றைத் தளர்த்தினால் சக்கரத்தின் சாய்வு மாறி அலைன்மெண்டுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டிவரும்.

கிழிந்த உறையை அறுத்து எடுத்ததும் அதைத் துணியில் துடைத்து அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்த்தார், முகர்ந்தார்.

"இது நம்ம பால் இல்ல தம்பி" என்றார்.

உண்மை. மரத்து ரப்பர் எண்ணெயும் கிரீஸும் பட்டால் ஊதிப்போகும். காற்றிலுள்ள ஓசோன் பட்டால் மடிப்புகளில் வெடிக்கும். இந்த உறைகளில் பல, 1930இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் பிறந்த நியோப்பிரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை. புதியவற்றில் ஒருவகைப் பிளாஸ்டிக்கும் உண்டு. நம் மரத்துப் பால் டயரில் இருக்கிறது என்று சொன்னேன். அது அவருக்குத் தெரிந்ததுதான் என்பதுபோல் தலையசைத்தார்.

இனி வருவதுதான் மொத்த வேலையிலும் மனிதன் முடிவெடுக்க வேண்டிய இடம். ஜாயிண்டுக்குள் இருந்த கிரீஸைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்தேன். வெளியோரத்தில் எடுத்ததில் நறநறப்பு இருந்தது. குண்டுகளுக்கு அருகில் எடுத்தது வெண்ணெய் போல் வழுவழுத்தது. மண் வாசல் வரை வந்திருக்கிறது, வீட்டுக்குள் நுழையவில்லை. உட்புறத்து எஃகு வளையத்தில் பித்தளைத் துண்டை வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி கொடுத்ததும், உள்ளே ஒளிந்திருக்கும் சர்க்ளிப் என்னும் பிளவு வளையம் இறுகி வழிவிட, ஜாயிண்ட் கழன்று கையில் வந்தது. அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மூன்று முறை கழுவி, வெயிலில் காயவைத்தேன். குண்டுகளை, அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் கூண்டிலிருந்து நான் பிரிக்கவில்லை. பிரித்தால் எந்தக் குண்டு எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று குறித்துவைத்து அதே இடத்தில் வைக்க வேண்டும். உள் வளையத்தைச் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொரு பள்ளமாக வெளிச்சத்தில் கொண்டுவந்து, கட்டை விரல் நகத்தை அதன்மேல் ஓட்டினேன். குண்டு உருண்ட இடம் கண்ணாடி போல் மின்னுவது பரவாயில்லை. நகம் எங்காவது தடுக்கினால், அங்கே எஃகு பெயர்ந்திருக்கிறது, அந்த ஜாயிண்டுக்குப் புது உறை போடுவது வீண். ஆறு பள்ளங்களிலும் நகம் வழுக்கிக்கொண்டு போனது.

புது உறையோடு வந்த கிரீஸ் பொட்டலத்தில் பாதியை விரலால் குண்டுகளுக்கிடையே அழுத்தித் திணித்து, மீதியை உறைக்குள் பிழிந்தேன். கைக்கு வந்த வேறு கிரீஸைப் போட்டு ஒப்பேற்றக் கூடாது. சாதாரண பேரிங் கிரீஸ் இந்த உராய்வுக்கு ஆனதல்ல. முதலில் ஷாஃப்டில் உறையையும், அதன் ஒடுங்கிய முனையை இறுக்கும் வளையமான சிறிய கிளாம்பையும் ஏற்றிவிட்டுத்தான் ஜாயிண்டைத் தட்டி ஏற்ற வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பீர்கள். நான் ஜாயிண்டைத் தட்டி ஏற்றிய பிறகு, சிறிய கிளாம்பு அப்பாவின் மடியில் இருந்தது. மறுபடி கழற்றினேன்.

எல்லாம் பூட்டி, புது ஆக்சில் நட்டைப் போட்டு, டார்க் ரெஞ்சால் இறுக்கி முடித்தபோது மணி இரண்டரை. சிறிய கார்களில் அந்த நட்டின் இறுக்கம் பெரும்பாலும் 200 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். ஆனாலும் உங்கள் காரின் கையேடு சொல்வதே சரி. குத்துமதிப்பாக இறுக்கினால் சக்கர பேரிங் பழிவாங்கும். பிள்ளைகள் யாரும் இல்லாத கோயில் திடலில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, இடமாக நான்கு சுற்று, வலமாக நான்கு சுற்று, கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டினேன். சத்தம் இல்லை.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, உறையின் ஒடுங்கிய முனையில் ஷாஃப்டைச் சுற்றி மோதிரம் போல் ஒரு கருப்பு வளையம். கிளாம்பின் காதை நெரிக்கத் தனி இடுக்கி இருக்கிறது. நான் அதை வாங்காமல், ஆணி பிடுங்கும் குறட்டால் நெரித்திருந்தேன். அது போதவில்லை. அத்துடன், உறைக்குள் அடைபட்ட காற்றை வெளியேற்ற, கடைசிக் கிளாம்பை இறுக்குமுன் விளிம்பைத் திருப்புளியால் ஒரு கணம் தூக்கிவிட வேண்டும்; அதையும் செய்யவில்லை. 45 வெள்ளி கொடுத்து அந்த இடுக்கியை வாங்கி, 6 வெள்ளிக்குப் புதுக் கிளாம்புகள் போட்டேன். அதன்பின் கசியவில்லை.

செலவை நேர்மையாக எழுதிவிடுகிறேன். உறை 38, சாக்கெட் 28, ஜாக் ஸ்டாண்ட் 90, ஆக்சில் நட்டு 12, இடுக்கி 45, கிளாம்புகள் 6. கூட்டினால் 219 வெள்ளி. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும் அரை மாலையும் கணக்கில் வரவில்லை. போமன் கேட்டதோ 118 வெள்ளி. ஆகவே நானே செய்து மிச்சம் பிடித்தேன் என்று எவரிடமும் பெருமையடித்துக்கொள்ள முடியாது. சர்வீஸ் சென்டரா சொந்தக் கையா என்று இரண்டே வழிகளை வைத்துப் பேசுபவர்கள் நடுவில் குந்தியிருக்கும் போமனை மறந்துவிடுகிறார்கள். அவர் கடை திறந்திருந்தால் நான் அவரிடமே விட்டிருப்பேன். என் 219 வெள்ளியால் வாங்கியது பத்து நாள் காத்திராமை. அந்தப் பத்து நாளும் செம்மண் நாள்கள்.

ஷாஃப்டைக் கழற்றாமலே சுற்றி வைத்து ஒட்டும் பிளவு உறைகளைப் பற்றியும் கேட்பார்கள். ஒட்டும் விளிம்பில் கிரீஸ் ஒரு துளி பட்டாலும் பசை பிடிக்காது. கிரீஸ் வழியும் ஒரு மூட்டின்மேல் கிரீஸ் படாமல் ஒட்டுவதற்கு என் கையில் திறமை இல்லை. அது போகட்டும். 38 வெள்ளி உறையைப் பற்றியும் ஓர் உண்மை உண்டு. காருடன் வந்த உறை பதினொரு ஆண்டு உழைத்தது. நான் போட்டதோ இரண்டாவது ஆண்டு முடியுமுன்பே மடிப்புகளில் மயிரிழை மயிரிழையாக வெடிக்கத் தொடங்கியது. அதையும் மாற்றியாகிவிட்டது, இந்த முறை அசல் உறை, விலை மும்மடங்கு, நேரம் இரண்டே கால் மணி.

இப்படி வலப்பக்கத்தை மாதம் ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவன் இடப்பக்கத்தைக் கோட்டைவிட்டேன். எங்கள் வீட்டில் காரின் இடப்பக்கம் சுவரை ஒட்டி நிற்கும். கழுவும்போதும் அங்கே கை நுழையாது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், அலுவலகத்து வளைவில் வலப்புறம் ஒடிக்கும்போது டக் டக் என்றது. மறுவாரம் அம்மாவைக் கண் அறுவைக்கு ஈப்போவுக்கு அழைத்துப்போக வேண்டும். சத்தம் வந்த ஜாயிண்டுக்கு உறை உதவாது. முழு ஷாஃப்டை உருவினால் கியர் எண்ணெய் ஒழுகும், அதன் சீல் கிழிந்தால் வேறு தலைவலி, அதை நான் செய்து பழகியதும் இல்லை. பழைய கார்களைப் பாதியாக வெட்டிப் பாகம் பாகமாக விற்கும் அரைவெட்டுக் கார்க் கடையில் பழைய ஷாஃப்ட் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நேராக அதே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். விலை 760 ஆகியிருந்தது. அதே இளைஞர், அதே மரியாதை. காலையில் விட்டு மதியம் எடுத்தேன். பழைய ஷாஃப்டை அட்டைப் பெட்டியில் வைத்துத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தம் பழைய பால் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்து உறையைக் கீறினார். கருப்பாக வர வேண்டிய கிரீஸ் செம்மண் குழம்பின் நிறத்தில் வந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, பள்ளங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். முதல் மூன்றில் நகம் வழுக்கியது. நான்காவதிலும் ஐந்தாவதிலும், குண்டு அதிகம் உருண்ட அதே இடத்தில், அரிசி முனை அளவுக்கு எஃகு பெயர்ந்திருந்தது. அப்பாவின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். இரண்டு முறை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். இரண்டு முறையும் நகம் தடுக்கி நின்றது.